வேகத்துக்காக அழித்த பெயர்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பதற்றம் வருவதில்லை. அசதிதான் வருகிறது. வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியும், போட்டோ லேப்களில் இருக்கும் உங்களில் வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறீர்கள். "அண்ணே, போட்டோவ ஓப்பன் பண்ணுனா சுத்திக்கிட்டே இருக்கு, என்ன பண்ண?" என்று கேட்கிறீர்கள். நான் பதிலுக்கு, அந்த மெஷினில் தினமும் உட்காருவது யார் என்று கேட்கிறேன். சிலர் எரிச்சலோடு போனை வைத்துவிடுகிறீர்கள். சேகரண்ணனுக்கு வயசாகிவிட்டது, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று நீங்கள் பேசிக்கொள்வதும் என் காதுக்கு வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் உங்கள் பாடு.

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் கலர் லேப் இருந்தது. முன்பக்கம் ஸ்டூடியோவும் கவுண்டரும், பின்பக்கம் பிரிண்ட் போடும் மெஷினும் இருந்தன. தொண்ணூறுகளில் நான் சேர்ந்தபோது எல்லாமே நெகட்டிவ்தான். கவரில் போட்டு, நம்பர் எழுதி, மர டிராயரில் அடுக்கி வைப்போம். ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து, மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவில் இன்னும் ஆறு காப்பி வேண்டும் என்று யாராவது நின்றால், அன்றைக்கு ஒரு ஆள் வேலை போச்சு.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் முதலாளி ஒரு ஸ்கேனர் வாங்கினார். அவரை நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். போட்டோக்களை வரிசைப்படுத்தித் தேடுவதற்கு ஒரு கேட்டலாக் சாஃப்ட்வேரும் வந்தது. பழைய நெகட்டிவ்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, கவுண்டரை ஒட்டியிருந்த கம்ப்யூட்டரில் ஏற்றினோம். எந்தப் போட்டோவில் யார் இருக்கிறார்கள் என்று டைப் அடிக்க பிலோமினாவை வேலைக்குச் சேர்த்தார்.

பிலோமினாவின் வீட்டில் தோட்டம், கிணறு என்று விவசாயம்தான். அந்த வீட்டில் டைப்ரைட்டிங் படித்த முதல் ஆள் அவள். பேரை மட்டும் அடி என்று நான் சொல்லியிருந்தேன். அவள் அதோடு விடவில்லை. பேர், ஊர், யார் வீட்டுப் பெண், எதற்காக எடுத்த போட்டோ, கூட வந்தது யார் என்று எல்லாவற்றையும் அடித்தாள். ரசீதுப் புத்தகத்தில் இல்லாததைக் கவுண்டருக்கு வருகிறவர்களிடமே கேட்டு வாங்கினாள். இவ்வளவு எதற்கு, ஜாதகமா எழுதுகிறாய் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். மூன்று வருடத்தில் நாற்பதாயிரம் போட்டோவுக்கு மேல் பேர் ஏறிவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து வந்த பெரியவர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் திரையில் வந்து நிற்கும். அவர் ஆச்சரியப்பட்டு எங்களைப் பார்ப்பார். பாய் அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்வார்.

பிறகுதான் அது மெதுவாக ஆரம்பித்தது.

முதலில் திறக்க நேரம் எடுத்தது. பிறகு ஒரு பேரைத் தேடினால் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற அளவுக்குப் போனது. கவுண்டரில் ஆள் நிற்க நிற்க, திரையில் மணற்கடிகாரம் அசையாமல் இருக்கும். கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு நான்தான் பொறுப்பு. டிப்ளமோ படித்தவன் என்று கொஞ்சம் நினைப்பும் இருந்தது. மதுரைக்குப் போய் மெமரி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து போட்டேன். ஒரு வாரம் பரவாயில்லை. மறுபடி அதே கதை.

பிலோமினா அப்போதே ஒன்று சொன்னாள். "அண்ணே, எப்பவும் நிக்கல. அந்த ரூம்ல ஆல்பத்தத் தொறந்தாத்தான் இங்கிட்டு நிக்குது. நான் நேரத்தக் குறிச்சு வச்சிருக்கேன்." ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினாள். பக்கத்து அறையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அது வேறு மெஷின், இது வேறு மெஷின் என்று சொல்லிவிட்டேன். நோட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. டைப் அடிக்கிற பெண்ணுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணம் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வைகாசி முகூர்த்தம் வந்தது. கவுண்டரில் கூட்டம். ஒரு சனிக்கிழமை பாய் என் பின்னால் வந்து நின்று, "ஏம்ப்பா, இம்புட்டு செலவழிச்சும் அது நகர மாட்டேங்குதே. திங்கக்கிழமைக்குள்ள எதாச்சும் பண்ணு. முடியலைன்னா பழைய டிராயரையே தொறந்துருவோம்" என்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்தேன். பிலோமினா தன் அக்கா வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். துருவிப் பார்த்ததில், கேட்டலாக் தனக்கென்று ஒரே ஒரு ஃபைல் வைத்திருப்பது தெரிந்தது. அது மலைபோல் பெருத்துக் கிடந்தது. போட்டோக்கள் எல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தன. அந்த ஃபைலில் போட்டோக்களின் சின்னச் சின்ன உருவங்கள்தான் இருக்கும், அழித்தால் சாஃப்ட்வேர் மறுபடி தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். பாதி சரியான எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு என்னைவிட உதாரணம் கிடையாது. ஃபைலை அழித்தேன். டிஸ்கில் இடம் கிடைக்கட்டும் என்று குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிறகு கேட்டலாக்கைப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தேன். வந்து பார்த்தால் நாற்பதாயிரம் போட்டோவும் வரிசையாக நின்றன. தொட்டால் திறந்தது. எனக்குக் கண் கலங்கியதாகக்கூட ஞாபகம்.

திங்கட்கிழமை காலையில் பாய் வந்து பார்த்துவிட்டுக் கை தட்டினார். பத்தரை மணிக்குப் பிலோமினா வந்தாள். கவுண்டரில் அன்றைக்கு முதல் ஆள் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்திருந்தார்.

அவர் பேர் சின்னச்சாமி. ஐம்பது வயது இருக்கும். பல நாள் மழிக்காத தாடி. பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அதிலிருந்து ஒரு பேங்க் பாஸ்புத்தகத்தை எடுத்து எங்கள் முன்னால் விரித்தார். மகளிர் குழுக் கணக்கு. அதில் ஒட்டியிருந்த பெண்ணின் முகத்தில் பாதிக்கு மேல் பேங்க் முத்திரை விழுந்திருந்தது.

"ஏனுங்க, இது எங்க ஊட்டுக்காரிங்க. போன வாரம் தவறிட்டா. இந்தப் போட்டோ இங்கதான் எடுத்தா. சீல் இல்லாம ஒண்ணு வேணுங்க. நாளைக்குக் கருமாதி" என்றார்.

வேறு போட்டோ இல்லையா என்று கேட்டேன். கல்யாணப் போட்டோவை ஒரு மழையில் பறிகொடுத்துவிட்டதாகச் சொன்னார். எடுத்த காப்பிகளையெல்லாம் அவள் ஒவ்வொரு மனுவிலும் ஒட்டித் தீர்த்துவிட்டாளாம். குழுவுக்குத் தலைவி. பயிற்சிக்காகக் குழுவோடு திண்டுக்கல் வந்த அன்று எடுத்ததாம் இது.

பிலோமினா தைரியமாகத் தலையாட்டினாள். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தானே அவள் அவ்வளவும் அடித்து வைத்திருந்தாள். பேரைக் கேட்டு அடித்தாள். ஒன்றும் வரவில்லை. ஊர்ப் பேரை அடித்தாள். வரவில்லை. தனக்குப் பாடமாகத் தெரிந்த வேறொரு பேரை அடித்துப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. ஒரு போட்டோவைத் திறந்து, அதன் கீழே இருக்கவேண்டிய கட்டங்களைப் பார்த்தாள். எல்லாம் காலி. நாலைந்து போட்டோக்கள் அப்படித் திறந்தாள். பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அடித்த எழுத்தெல்லாம் போட்டோவோடு ஒட்டியிருக்கவில்லை. நான் அழித்த அந்த ஒற்றை ஃபைலில் இருந்தது. சிடியில் காப்பி எடுத்து வைத்தபோதும் போட்டோதான் முக்கியம் என்று போட்டோவை மட்டும்தான் எடுத்திருந்தேன்.

கவுண்டரில் நிற்கிறவரிடம் நாம் எல்லாரும் எப்போதும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு, பழையதெல்லாம் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். "மிசினு கெட்டா நீங்க என்ன பண்ணுவீங்க. பரவால்லீங்க" என்று சொல்லி, பாஸ்புத்தகத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"அய்யா, நில்லுங்க" என்றாள் பிலோமினா. "மிஷின் கெடல. உங்க போட்டோ உள்ளதான் இருக்கு. பேருதான் இல்ல. பேர அழிச்சது நாங்க. செத்த நேரம் உக்காருங்க, தேடிப் பாக்குறோம்."

நாங்க என்றாள். அழித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லை நான் இருபது வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவளை ஓரமாகக் கூப்பிட்டு, நாற்பதாயிரத்தில் எப்படித் தேடுவது, கூட்டம் நிற்கிறது, அவரே போகிறேன் என்கிறார், விட்டுவிடு என்று மெதுவாகச் சொன்னேன். அவள் சின்னச்சாமியிடம் போய்ப் பாஸ்புத்தகத்தை வாங்கி, கணக்கு ஆரம்பித்த மாதத்தைப் பார்த்தாள். அந்த வருடத்து நெகட்டிவ் கவர்கள் எந்த டிராயரில் இருந்தன, அவற்றை எப்போது ஸ்கேன் செய்தோம் என்று யோசித்தாள். கவர்கள் கலந்து கிடந்ததால் தேதிவாரியாக ஒன்றும் வரிசை இல்லை. ஆனாலும் நாற்பதாயிரம் ஆறாயிரமாகக் குறைந்தது.

நான் மவுசைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது? ஒரு திரைக்கு முப்பது முகம். சின்னச்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிலோமினா பாஸ்புத்தகத்தைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். இடையில் பாய் உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னேன். கவுண்டரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சின்னச்சாமிக்குச் சாப்பாடு வாங்கி அனுப்பினார்.

இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்திக் கத்தி அடங்கியது. மின்விசிறி நின்றுவிட்டதால் வெயில் அறைக்குள் அப்படியே இறங்கியது. அந்த முக்கால் மணி நேரம் சின்னச்சாமி தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்குக் கடன் கிடைக்கவில்லை, யார் பிள்ளை எந்த ஸ்கூல் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. அவருக்கோ எதிர் வீட்டுக்காரர் பேரே சில சமயம் மறந்துவிடும். அவளிடம் கேட்டுக்கொள்வார். சொல்லிக்கொண்டே பாஸ்புத்தகத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரண்ட் வந்து மறுபடி ஆரம்பித்தோம். மூன்றரைக்கு என் கண்ணில் எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவருடைய மனைவியே கடந்து போயிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். பழநி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியது. அவரும் இரண்டு தடவை மணி கேட்டுவிட்டார்.

திடீரென்று அவர் என் தோளைத் தொட்டார். "நிறுத்துங்க. இது எங்க பக்கத்து ஊட்டு சரசுங்க."

குழுவாக வந்தவர்கள் அடுத்தடுத்துத்தானே எடுத்திருப்பார்கள். பிலோமினா குனிந்து அடுத்த வரிசையைக் காட்டினாள். ஒருத்தி, இன்னொருத்தி, பிறகு அவள். இரண்டு போட்டோ இருந்தது. ஒன்று பாஸ்புத்தகத்தில் இருந்தது, நேராகப் பார்த்துக்கொண்டிருப்பது. இன்னொன்று அதற்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்தது. பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் பாதி திரும்பி, வாய் திறந்திருந்தது. அந்த மாதிரிப் போட்டோக்களை நான் ஸ்கேன் செய்யாமல் விடச் சொல்லியிருந்தேன். பிலோமினா விடவில்லை.

"போட்டோ எடுக்கறப்பவும் பேசிட்டே இருக்கறா பாருங்க" என்றார் சின்னச்சாமி. வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, நேராகப் பார்ப்பதைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். பின்பக்கம் பிரிண்ட் எடுத்து, ஈரம் காய்ந்ததும் கவரில் போட்டுக் கொடுத்தோம். பாய் தன் வண்டியிலேயே அவரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார்.

அழிந்த ஃபைலை மீட்க நான் செய்யாத வித்தை இல்லை. மதுரையில் ஒரு ஆளிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். அதே இடத்தில் புதுக் கேட்டலாக் எழுதப்பட்டுவிட்டது, இனி வராது என்றார். பாய் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். "வேகமா இருக்குன்னு நாந்தானே கை தட்டுனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். மூன்றாவது வாரம் கேட்டலாக் பழையபடி மெதுவாகிவிட்டது. பேரே இல்லாத காலிக் கேட்டலாக், அதுவும் நின்றது. அன்றைக்குத்தான் பிலோமினாவிடம் போய் அந்த நோட்டைக் கேட்டேன். கொடுத்தாள். எந்தெந்த நேரத்தில் நின்றது என்று இரண்டு மாதத்துக்குத் தெளிவாக எழுதியிருந்தாள். ஆல்பம் அறையின் வேலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆல்பம் டிசைன் செய்யும் சாஃப்ட்வேர் தன் தற்காலிக ஃபைல்களை எங்கள் மெஷினின் டிஸ்கில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. ஆல்பம் மெஷினில் இடம் போதவில்லை என்று முன்பொரு நாள் நானே அப்படி மாற்றி வைத்து மறந்திருந்தேன். கேட்டலாக் ஃபைலை அழித்துக் கிடைத்த இடமும் மூன்று வாரத்தில் அதனால் நிரம்பிவிட்டது. அந்தப் பழைய குப்பையை அழித்து, வேறு டிஸ்க்குக்கு வழி மாற்றிவிட்டேன். அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் அது மெதுவாக ஓடவே இல்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணே" என்றாள் அவள். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ரசீதுப் புத்தகத்திலிருந்து கிடைத்த வரை அடித்தாள். அதில் பாதிப் பேருக்கு இனிஷியலும் தொகையும்தான் இருக்கும், முகம் எது என்று தெரியாது. நானும் தினம் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். அலுப்பான வேலை. நாற்பதாயிரத்தில் நானூறு முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

அப்போது ஒரு நாள் காலையில் சின்னச்சாமி வந்தார். தாடி எடுத்திருந்தார். பிரேம் போடுவதற்காக வந்திருப்பார் என்று நினைத்தேன். பிரேமெல்லாம் பழநியிலேயே போட்டாகிவிட்டது என்றார். வந்த காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார்.

"அன்னைக்குத் தேடறப்ப எங்கூரு, பக்கத்து ஊரு மொகமெல்லாம் நெறையா பாத்தனுங்க. பேரு போச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. எனக்குத் தெரிஞ்சவங்க பேர நான் சொல்றனுங்க, எழுதிக்குங்க."

இதற்காகவா அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள் என்று கேட்டேன். கொய்யாப் பழம் விற்க ஆயக்குடிச் சந்தை வரை வந்ததாகவும், அங்கிருந்து வந்துவிட்டதாகவும் சொன்னார். அது ஒன்றும் பக்கமில்லை என்று அவருக்கும் தெரியும்.

அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பிலோமினா அந்த ஆறாயிரத்தைத் திறந்தாள். முதலில் சரசு. பிறகு குழுவில் இருந்த மற்றவர்கள். சிலருடைய பேர் தெரியும், புருஷன் பேர் தெரியாது. சிலருக்கு வீடு தெரியும், பேர் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னார், நிச்சயமில்லாததைச் சொல்லவில்லை. தன் மனைவியின் போட்டோ வந்தபோது பேரை நிறுத்தி நிதானமாக எழுத்துக் கூட்டிச் சொன்னார். பிலோமினா அடித்து முடித்ததும் அதை வாசித்துக் காட்டச் சொன்னார்.

மத்தியானம் வரை முப்பத்தியொரு பேர் ஏறியது. அதற்குப் பிறகு ஒரு வயதான அம்மாவின் போட்டோ வந்தது. மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. சின்னச்சாமி முன்னால் சாய்ந்து பார்த்தார். நன்றாகப் பழகிய முகம் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எங்கூருதானுங்க. இவுங்க பேரு எனக்குத் தெரியலீங்க" என்றார். "அவ இருந்தா சொல்லிருப்பாளுங்க."

பிலோமினா ஊர் என்ற இடத்தில் நெய்க்காரப்பட்டி என்று அடித்தாள். பேருக்கான கட்டத்தைக் காலியாக விட்டாள்.